நண்பரின் மனத்தை அறிவதில் உங்களுக்கு எத்தனை புள்ளி?

மாணவர்களே, ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் தோழியுடன் அமர்ந்திருக்கிறீர்கள். பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டு மீகூன் தட்டையே பார்க்கிறாள். ‘என்மேல் கோபமோ?’ என்று நினைக்கிறீர்கள். அது சரியா, தவறா? உடல் வெப்பத்தை அளக்க வெப்பமானி இருக்கிறது. பிறர் மனத்தை நாம் எவ்வளவு சரியாகப் புரிந்துகொள்கிறோம் என்பதை எதைக்கொண்டு அளப்பது?

அதற்கு ஒரு வழிமுறையை 1990இல் வெளியிட்டார்கள் உளவியலாளர் வில்லியம் இக்கஸும் அவருடைய குழுவினரும். அவர் அமெரிக்காவில், ஆர்லிங்டன் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். ஆய்வு இப்படித்தான் நடக்கும். முன்பின் தெரியாத இருவர் ஓர் அறையில் அமர்கிறார்கள். ஆய்வாளர் படவீழ்த்தியை முடுக்குகிறார். விளக்கு எரிந்துபோயிருக்கிறது! “வேறு விளக்கு எடுத்து வருகிறேன்” என்று வெளியே போகிறார். எல்லாம் நாடகம்தான். காத்திருக்கும் இருவரும் எவ்வளவு நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? மெல்லப் பேச்சுக் கொடுக்கிறார்கள். மறைத்து வைத்த ஒளிப்பதிவுக் கருவி அதைப் பதிவு செய்கிறது.

பிறகு ஆய்வாளர் உண்மையைச் சொல்லி அனுமதி கேட்பார். மறுத்தால் பதிவு அழிக்கப்படும். சம்மதித்தால், இருவரும் தனித்தனியாக அந்தப் பதிவைப் பார்ப்பார்கள். ‘இந்த இடத்தில் எனக்கு இப்படித் தோன்றியது’ என்று நினைவு வரும்போதெல்லாம் பதிவை நிறுத்தி, அதை எழுதி வைப்பார்கள். அடுத்து, அதே இடங்களில் மற்றவர் என்ன நினைத்திருப்பார் என்று ஊகித்து எழுத வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு 0, 1, 2 என்று புள்ளி தருவார்கள். விடைத்தாளைத் தயாரிப்பது ஆய்வாளர் அல்லர், அந்த எண்ணத்தை எண்ணியவரே என்பதைக் கவனியுங்கள். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது இதுதான்.

முடிவு? அறிமுகமில்லாதவர்கள் சராசரியாக ஏறக்குறைய 20 விழுக்காடுதான் பெறுகிறார்கள். நெருங்கிய நண்பர்களும் கணவன் மனைவியரும்கூட 30 முதல் 35 விழுக்காடுதான். 60ஐத் தாண்டுபவர்கள் மிக அரிது. நண்பர்கள் கூடுதலாகப் பெறுவதற்கு முகத்தை நன்றாகப் படிப்பது காரணமன்று. ஒருவர் வாழ்க்கையில் நடப்பது மற்றவருக்கு முன்பே தெரியும், அவ்வளவுதான்.

முகத்தைப் பார்ப்பது உண்மையில் எவ்வளவு உதவுகிறது? 2017இல் மைக்கேல் கிராவுஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்ட சோதனைகளில், குரலை மட்டும் கேட்டவர்கள், முகத்தையும் சேர்த்துப் பார்த்தவர்களைவிட உணர்வுகளைச் சரியாகச் சொன்னார்கள். ஒரு சோதனையில் சிலரை இருட்டறையிலேயே பேச வைத்தார். மறு ஆண்டு வேறொரு குழு 25 சோதனைகளின் முடிவை வெளியிட்டது. ‘அவர் இடத்தில் நான் இருந்தால்’ என்று கற்பனை செய்து பார்ப்பதால் ஊகம் சரியாகிவிடுவதில்லை. அவரிடமே கேட்டபோதுதான் சரியானது.

இதைப் படித்தபோது எனக்குப் படிவம் இரண்டு மாணவி ஒருத்தியின் நினைவு வந்தது. மின்சுற்றுப் பாடம் நடத்தியபோதெல்லாம் என்னைப் பார்த்துப் புன்னகைப்பாள், தலையாட்டுவாள். ‘இவளுக்கு நன்றாகப் புரிகிறது’ என்று இரண்டு வாரம் வேகமாகவே நடத்தினேன். சோதனையில் 14 புள்ளி. கூப்பிட்டுக் கேட்டேன். “புரியலன்னா எனக்குச் சிரிப்பு வந்திடும் டீச்சர். பயத்துல வர்ற சிரிப்பு,” என்றாள். பாடத்தை முதலிலிருந்து தொடங்கினோம். இப்போதெல்லாம் நான் “புரிந்ததா?” என்று கேட்பதில்லை. “பக்கத்தில் இருப்பவருக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பாய்?” என்று கேட்கிறேன்.

நீங்களும் செய்து பார்க்கலாம். நண்பரிடம் முதலிலேயே அனுமதி கேளுங்கள். மறைத்துப் பதிவு செய்ய வேண்டாம். ஐந்து நிமிடப் பேச்சைத் திறன்பேசியில் பதிவு செய்து, இருவரும் பத்து இடங்களில் நிறுத்தி எழுதுங்கள். முழுப்புள்ளி 20. ஐந்து கிடைத்தால் 25 விழுக்காடு, அதாவது அறிமுகமில்லாதவர்கள் பெற்ற சராசரியைவிட மேல், நெருங்கிய நண்பர்கள் பெற்றதைவிடக் குறைவு. பிறகு ஒரு முறை திரையைக் கவிழ்த்து வைத்து, குரலை மட்டும் கேட்டு ஊகியுங்கள். புள்ளி மாறுகிறதா என்று பாருங்கள். முடிந்ததும் பதிவை நண்பரின் கண்முன்னே அழித்துவிடுங்கள்.