தண்ணீருக்குள் கண் ஏன் மங்குகிறது?

"வாப்பா, தண்ணி தெளிவாத்தானே இருக்கு, உள்ளே போனா ஏன் ஒண்ணுமே தெரியல?" நீச்சல் பழகும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. "கண்ணுல தண்ணி பட்டா அப்படித்தான்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். கண்ணில் கோளாறோ என்று பயப்படும் பெற்றோரும் உண்டு. கோளாறு எதுவும் இல்லை.

ஒரு பொருள் தெளிவாகத் தெரிய, அதிலிருந்து வரும் ஒளி வளைந்து விழித்திரையில் குவிய வேண்டும். இதைக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ்தான் செய்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பங்கு கண்ணின் முன்புறத்தில் உள்ள கார்னியா என்ற படலத்துடையது. கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர் என்றால், அதில் ஏறத்தாழ 43 கார்னியா தருவது.

ஒளி ஓர் ஊடகத்திலிருந்து வேறோர் ஊடகத்துக்குள் சாய்வாக நுழையும்போதுதான் வளையும். ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, கார்னியாவுக்கு 1.38. காற்றிலிருந்து வரும் ஒளி கார்னியாவில் நன்றாக வளைகிறது. தண்ணீரிலிருந்து வரும் ஒளிக்கோ கார்னியாவும் கிட்டத்தட்ட இன்னொரு தண்ணீர்தான். அது வளையாமலே கடந்துவிடுகிறது. மூன்று, நான்கு பவர் கண்ணாடியையே பெரிதாக நினைக்கிறோம். தண்ணீருக்குள் ஒரே நொடியில் 40 பவருக்கு மேல் போய்விடுகிறது!

நீச்சல் கண்ணாடி போட்டால் தெளிவாவது அந்தக் கண்ணாடியால் அல்ல, அது கண்ணுக்கு முன்னால் பிடித்து வைத்திருக்கும் காற்றால். நீர் கசிந்து உள்ளே நிறைந்தால் மறுபடியும் மங்கல்தான். அதன் வழியே பார்க்கும்போது நான்கு அடி தூரத்தில் இருப்பது மூன்று அடியில் இருப்பதுபோல் தோன்றும். எட்டிப் பிடிக்கப்போனால் கை எட்டாது.

தாய்லாந்தின் மேற்குக் கடற்கரைத் தீவுகளில் வாழும் மோக்கன் மக்களின் பிள்ளைகள் வெறும் கண்ணோடு முங்கி, கடலடியில் சிப்பி பொறுக்குவார்கள். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இவர்கள் நீருக்குள் இரண்டு மடங்கு நுணுக்கமாகப் பார்க்கிறார்கள். கண்மணியை 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சுருக்கி, லென்ஸையும் முழுமூச்சாக வேலை வாங்குகிறார்கள். இது பிறவி வரமோ என்று பார்த்தால், பயிற்சி கொடுத்ததும் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது.

கான்டாக்ட் லென்ஸ் அணியும் பிள்ளைகள் அதைக் கழற்றிவிட்டுத்தான் நீரில் இறங்க வேண்டும். நீரில் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸுக்கு அடியில் தங்கிவிட்டால் பார்வையையே பறிக்கக்கூடும். பவர் வைத்த நீச்சல் கண்ணாடிகள் கடைகளில் கிடைக்கின்றன. நீருக்குள் அது கழன்றுவிட்டால் எல்லாம் மங்கும், பதற வேண்டாம் என்பதைப் பிள்ளையைக் குளத்தில் இறக்கும் முன்பே சொல்லி வையுங்கள்.