எல்லாம் சரி, ஆனால் ஒயர் எட்டலை!

உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானமான ஏர்பஸ் ஏ380 கிட்டத்தட்ட இரண்டு வருடம் தாமதமானது எதனால் தெரியுமா? இன்ஜினா? இறக்கையா? இல்லவே இல்லை. ஒயர் எட்டவில்லை!

ஒரே விமானத்துக்குள் சுமார் 530 கிலோமீட்டர் ஒயர். ஜெர்மனியின் ஹாம்பர்க் டிசைனர்கள் 'கேட்டியா' மென்பொருளின் நான்காம் பதிப்பில் வரைய, பிரான்ஸின் துலூஸில் இருந்தவர்கள் ஐந்தாம் பதிப்புக்குத் தாவியிருந்தார்கள். இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. ஹாம்பர்க்கிலிருந்து ஒயர் கட்டுகளோடு வந்து இறங்கிய உடல்பகுதிகளைத் துலூஸில் இணைக்கப் போனால், வளைந்து திரும்பும் இடத்தில் ஒயர் விறைத்து நிற்கிறது. சில சென்டிமீட்டர் போதவில்லை! ஒவ்வொரு பகுதியும் அவரவர் திரையில் கச்சிதம்தான். எல்லோரும் பார்க்கிற ஒரே முழு விமானம் எந்தத் திரையிலும் இல்லை, அதுதான் வினை. கடைசியில் ஜெர்மனியிலிருந்து ஆட்களை வரவழைத்துக் கையால் ஒயர் இழுத்தார்கள். 2006 ஜூனில் தாமதத்தை அறிவித்ததும் தாய் நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் கால்வாசிக்கு மேல் சரிந்தது!

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? முழு விமானத்தையும் திரையிலேயே பொருத்திப் பார்ப்பதைப் பத்து வருடத்துக்கு முன்பே போயிங் சாதித்துவிட்டது. 1994 ஜூன் 12 அன்று பறந்த 777, முழுக்கக் கணினியிலேயே வடிவமைத்த முதல் பயணிகள் ஜெட். ரிவெட் உட்பட சுமார் 30 லட்சம் பாகங்கள்! எதற்கும் இருக்கட்டும் என்று மூக்குப் பகுதிக்கு மட்டும் நிஜ அளவில் மாதிரி கட்டிப் பார்த்தார்கள். அத்தோடு சரி.

திரையில் பொருந்தினால் மட்டும் போதாது, எல்லாம் சேர்ந்து இயங்கவும் வேண்டுமே! அதற்குத்தான் 'இரும்புப் பறவை'. சோதனைக் கூடத்தை விட்டு நகராத விமானம். தோல் கிடையாது, இருக்கை கிடையாது. ஹைட்ராலிக் குழாய், மின்சாரம், மடல்களை அசைக்கும் கருவி எல்லாம் அசல். நிஜ விமானம் கிளம்பும் முன்பே பைலட்டுகள் இதை 'ஓட்டி' முடித்துவிடுவார்கள்!

முழு அமைப்பு என்றால் நடக்கிற மனிதர்களும் சேர்த்தி என்பதை லண்டனுக்குச் சொல்லிக்கொடுத்தது மில்லேனியம் நடைபாலம். 2000 ஜூன் 10 அன்று திறப்பு, இரண்டே நாளில் மூடல்! பாலத்தின் பலத்தில் குறையில்லை. லேசாக ஆடியதும் கூட்டம் தன்னையறியாமல் ஒரே தாளத்தில் பக்கவாட்டில் காலூன்றுவதுதான் கணக்கில் இல்லை. அப்புறம் ஆட்களை ஏற்றிச் சோதித்தபோது, 150 பேர் வரை பாலம் பரம சாது. 166 ஆனதும் ஆட்டம் எகிறியது! அதிர்வு தாங்கிகளைப் பொருத்தி, சுமார் 2,000 பேரை நடக்கவைத்துப் பார்த்த பிறகுதான் 2002 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள்.