ஓடும் வீட்டில் வெந்நீர்

படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அமைந்த வண்டியில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவது அமெரிக்காவில் பரவலான வழக்கம். அந்த ஓடும் வீட்டில் வெந்நீர் எப்படிக் கிடைக்கிறது தெரியுமா, தோழியரே?

வண்டியின் பக்கவாட்டில் சிறு தொட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது சுமார் 23 லிட்டர் தண்ணீர் கொள்ளும். சமையல் வாயுவோ மின்சாரமோ அதைச் சூடாக்கும். தொட்டி நிறையும் முன் சூடேற்றினால், நீரில் மூழ்காத மின்கம்பி விரைவில் எரிந்துபோகும். ஆகவே வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று அடங்கி நீர் சீராக வருவதைப் பார்த்த பின்பே பொத்தானை அழுத்த வேண்டும்.

எஃகுத் தொட்டியினுள் மக்னீசியக் கோல் ஒன்று இருக்கும். எஃகு துருப்பிடிக்காதபடி, அதற்குப் பதிலாக இக்கோலே அரிபட்டுக் கரையும். ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, முக்கால் பங்கு கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். அலுமினியத் தொட்டிக்கு இது தேவையில்லை.

இக்கோலே பொதுவாக வடிகாலின் மூடியாகவும் இருக்கும். அவசரப்பட்டுக் கழற்றினால் கொதிநீர் பீறிட்டு உடலைப் பொசுக்கிவிடும். வாயு, மின்சாரம், பம்பு மூன்றையும் நிறுத்தி, தண்ணீர் நன்றாக ஆறிய பின், பாதுகாப்பு வால்வைத் திறந்து அழுத்தத்தைப் போக்கிவிட்டே கழற்ற வேண்டும்.

கடுங்குளிர் காலத்தில் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் தொட்டியை வடித்துவிட வேண்டும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதால் தொட்டியே பிளந்துபோகும்.

சூடேற்றும் முன் நிரப்புவோம். கழற்றும் முன் ஆறவிடுவோம். உறையும் முன் வடித்துவிடுவோம். இம்மூன்றையும் மறவாதவர்களுக்குப் பயணமும் இனிது, குளியலும் இனிது!