செல்லுக்குள் ஒரு ஸ்டார்ட் பட்டன்

ஸ்டார்ட்டரைப் பற்றி எலக்ட்ரிக்கல்காரர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. பச்சை பட்டனை அமுக்கினால் மோட்டார் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். பச்சை பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டால்? சிவப்பை அமுக்கிப் பிடித்திருக்கும் வரை நிற்கும். கையை எடுத்ததும் மறுபடி ஓடும். புற்றுநோய் என்றால் ஏதோ செல்லுக்கு வெறி பிடித்த மாதிரி பேசுகிறோம். வெறியெல்லாம் இல்லீங்க, பல நேரம் பட்டன் சிக்கிக்கிச்சு, அவ்வளவுதான்.

அந்தப் பட்டன் ஒரு புரதம். பெயர் சைக்ளின் டி1. இந்தக் குடும்பத்தில் முதல் புரதத்தைக் கண்டவர் இங்கிலாந்தின் டிம் ஹன்ட். 1982-இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில், கடல் முள்ளெலியின் முட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். முட்டை பிளவுபடும் ஒவ்வொரு முறையும் ஒரு புரதம் கூடிக்கொண்டே வந்து சட்டென்று காணாமல் போனது. பிறகு மறுபடி கூடியது! 2001-இல் மேலும் இருவரோடு அவருக்கு நோபல் பரிசு.

கிரேன் ஹாய்ஸ்ட் மோட்டாரில் கரண்ட் வந்தால்தான் பிரேக் விடும், இல்லையா? செல்லில் அந்த பிரேக் ஆர்.பி. என்ற புரதம். வளரச் சொல்லி வெளியிலிருந்து சிக்னல் வந்தால் சைக்ளின் டி1 உண்டாகும். அது சி.டி.கே.4, சி.டி.கே.6 என்னும் என்சைம்களோடு சேர்ந்து ஆர்.பி. மேல் பாஸ்பேட்டை ஒட்டும். பிரேக் விடும், டி.என்.ஏ. நகலெடுப்பு தொடங்கும். சிக்னல் நின்றால் சைக்ளின் டி1 சீக்கிரமே அழிந்துவிடும்.

கோளாறு எப்படி வருகிறது? 1991-இல் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் கட்டியில் கண்டது இது: 11-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி, சைக்ளின் டி1 ஜீன் அந்தச் சுரப்பியின் ஹார்மோன் ஜீனுக்குரிய ஸ்விட்சின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. பார்ட் நல்ல பார்ட்தான், ஒயரிங்தான் மாறிப்போச்சு. அது சாதாக் கட்டி. ஆனால் மார்பகப் புற்றுநோய்களிலும் ஏறக்குறைய பாதியில் இதே புரதம் அளவுக்கு மீறி இருக்கிறது.

சிவப்பு பட்டன் 2015-இல் வந்தது. பல்போசிக்லிப் என்ற மருந்து, சி.டி.கே.4, 6 இரண்டையும் தடுக்கும். ஹார்மோனை நம்பி வளரும், உடம்பில் பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயில், ஹார்மோன் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நோய் முற்றாமல் நின்றது சராசரியாக 14.5 மாதம், இதையும் சேர்த்தபோது 24.8 மாதம். குணமாக்கும் மருந்து அல்ல. ஒயரிங்கை அது சரிசெய்வதில்லை. ரத்த வெள்ளணுக்கள் பெருகவும் இதே என்சைம் வேண்டும் என்பதால் அவையும் குறையும். அதனால்தான் மூன்று வாரம் மருந்து, ஒரு வாரம் ஓய்வு. இந்தியாவில் 2023-இல் காப்புரிமை முடிந்து, நம்ம ஊர்க் கம்பெனிகளின் மாத்திரை வந்த பிறகு விலையும் இறங்கியது.

எல்லாப் புற்றுநோய்க்கும் இது கேட்காது. ஆர்.பி. என்ற பெயரே, குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவிலிருந்து வந்ததுதான். அதில் பழுதாவது பட்டன் இல்லை, ஆர்.பி. ஜீன். பிரேக்கே கழன்றுபோன ஹாய்ஸ்ட்டில் சிவப்பு பட்டனை அமுக்கி என்ன பயன்?