கழிமுகமும் எண்ணெயும்: நுரைச்சோலையை முன்வைத்து ஒரு நோக்கு

நெய்தற் பாடல்களைக் கற்கும் நாம் 'கழி' என்னுஞ் சொல்லைக் காதலின் பின்புலமாக மட்டுமே கண்டு அமைந்துவிடுகிறோம். கடல்நீர் புகுந்து மீளும் அந்நீர்ப்பரப்பு உழைப்பின் களமுமாகும். அக்களத்தில் எண்ணெய் கலப்பதை எவ்வாறு கண்டறிவது, அவ்வறிவு யாருக்குப் பயன்படுவது என்பனவற்றை இங்கு நோக்குவோம்.

நுரைச்சோலைக்கு மேற்கே கடல். கிழக்கே புத்தளம் களப்பு. மீ ஓயாவும் கலா ஓயாவும் களப்பிற் கலக்கின்றன. 2011இல் இயங்கத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாற்று ஆற்றலை எய்திய லக்விஜய அனல்மின் நிலையம் பற்றிய விவாதம் பெரிதும் நிலக்கரித் தூசியையும் சாம்பலையும் சுற்றியே நிகழ்ந்துள்ளது. ஆயின் நிலக்கரி கொணரும் கப்பல்களும், களப்பில் தொழில் செய்யும் இயந்திரப் படகுகளும் எண்ணெயால் இயங்குவன. எனவே எண்ணெய்க் கண்காணிப்பு இவ்விடத்துக்குப் புறம்பானதன்று.

நீர்மேல் மின்னும் நிறப்படலம் மாசின் ஒரு பகுதியே. இலேசான கூறுகள் ஆவியாகி அகல்கின்றன. கனமானவை சேற்றிற் படிந்தும், கண்டல் மரங்களின் மூச்சுவேர்களை மூடியும் ஆண்டுக்கணக்கில் நிலைக்கின்றன. மட்டியும் சிப்பியும் நீரை வடித்து உண்பதால் அவற்றைத் தம் உடலிற் சேர்க்கின்றன. ஆகவே நீர், சேறு, மட்டி ஆகிய மூன்றும் ஆராயப்படல் வேண்டும். நீர்மாதிரி, படலத்துக்குக் கீழிருந்து கண்ணாடிப் போத்தலில் எடுக்கப்படும். எக்சேன் போன்ற கரைப்பானால் எண்ணெயைப் பிரித்து, ஊதாக்கடந்த கதிர் படும்போது அது காட்டும் ஒளிர்வைக் கொண்டு அளவிடுவர். மேலும் நுணுகிப் பகுத்தால், கைரேகைபோல எண்ணெயின் மூலத்தையும் இனங்காணலாம்.

எனினும், விபத்துக்குப் பின்னரே அளவீடு தொடங்குமாயின் ஒப்பிடுதற்கு முன்னைய நிலை பற்றிய பதிவு இராது. இதன் சமூகப் பொருளைத் தமிழகத்தின் எண்ணூரிற் காணலாம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசத்தலையாற்றுக் கழிமுகத்தை அடைந்தது. மணலியிலுள்ள சுத்திகரிப்பு ஆலை கசிவை முதலில் மறுத்தது; மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ அவ்வாலை வளாகத்தையே மூலமெனக் கண்டது. இவ்விவாதம் நடக்கையில் மீனவர்கள் கைகளாலேயே எண்ணெயை அள்ளினர். வலைகளும் படகுகளும் பாழாயின.

இலாபம் தனியுடைமையாகவும், இழப்பு பொதுவுடைமையாகவும் அமையும் முரண்பாடு இது. கழியின் உரிமைப்பத்திரம் எதுவும் மீனவனிடம் இல்லை. ஆயினும் அதுவே அவனது உற்பத்திச் சாதனம். இழப்பை நிறுவும் சுமையும் அவன்மீதே வீழ்கிறது. அளவீட்டுப் பதிவு இல்லாதவிடத்து அவனது அனுபவம் வெறும் முறைப்பாடாகவே கருதப்படும்.

இலங்கையில் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுறல் தடுப்புச் சட்டம் இத்துறைக்கென ஓர் அதிகார சபையை ஏற்படுத்தியுள்ளது. சட்டம் இருப்பது மட்டும் போதாது. ஒரே இடங்களில், ஒரே வற்றுப்பெருக்கு நிலையில், பருவந்தோறும் மாதிரிகள் எடுக்கப்படல் வேண்டும். அவ்விடங்களைத் தெரிவதில் களப்பை நன்கறிந்த மீனவர் பங்குகொள்ளல் வேண்டும். முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் இறங்குதுறைகளில் வைக்கப்படல் வேண்டும். அளவீடு உழைப்போர் கையிற் சேரும்போதே அது சான்றாகும்.