ஒளியாற் குளிரும் அணுவும் காலக் கணிப்பும்

விழாவெடுக்கும் நாம் ஆண்டுகளை எண்ணி மகிழ்கின்றோம். ஆண்டு நாட்களாலாயது, நாள் செக்கன்களாலாயது. ஆயின், செக்கனை எதனைக்கொண்டு அளப்பது? முன்னர்ப் பூமியின் சுழற்சியே அளவுகோலாக விளங்கிற்று. அச்சுழற்சியோ கடலின் வற்றுப்பெருக்கினாற் சிறிது சிறிதாகத் தளர்வது. எனவே அறிஞர் அணுவை நாடினர். 1955 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தெடிங்டனில் எசென், பரி என்போர் சீசியம் அணுவைக்கொண்டு மணிக்கூடு ஒன்றை இயக்கினர். 1967 இல், சீசியம் அணுவுக்குரிய நுண்ணலை 9,192,631,770 முறை அதிரும் காலமே ஒரு செக்கன் என உலக நாடுகள் வரையறுத்தன.

அணு மாறாதது, ஆயினும் ஓயாதது. அறை வெப்பநிலையிற் சீசியம் அணுக்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 200 மீற்றர் விரைகின்றன. ஒரு மீற்றர் நீளமுள்ள கருவியை அவை செக்கனின் இருநூறிலொரு பங்கிற் கடந்துவிடும். ஓர் அதிர்வை எவ்வளவு நேரம் நோக்குகின்றோமோ அவ்வளவு நுட்பமாகவே அதன் மீடிறனை அறியலாம். ஆதலின் அணுவின் ஓட்டத்தைத் தணித்தல் வேண்டும். வெப்பமென்பது அணுக்களின் இயக்கமேயாதலால், ஓட்டத்தைத் தணித்தலும் குளிர்வித்தலும் ஒன்றே.

சுடவல்ல ஒளி குளிர்விப்பது எங்ஙனம்? ஒளித்துணிக்கை ஒவ்வொன்றும் சிறு உந்தமுடையது. அணு உறிஞ்சும் மீடிறனிலும் சற்றுக் குறைந்த மீடிறனுடைய இலேசர் ஒளியை எதிரெதிர்த் திசைகளிலிருந்து செலுத்துவர். நம்மை நோக்கி வரும் புகைவண்டியின் ஊதலொலி உயர்ந்து கேட்பது போல, ஒளியை எதிர்த்துச் செல்லும் அணுவுக்கு அதன் மீடிறன் உயர்ந்து தோன்றும். ஆகவே அவ்வணு எதிர்வரும் ஒளியையே மிகுதியும் உறிஞ்சித் தடைப்படும். பின்னர் அது ஒளியை எல்லாத் திசைகளிலும் உமிழ்வதால், உமிழ்வின் தள்ளல்கள் தம்முள் ஈடாகிவிடும். ஒரு துணிக்கை சீசியம் அணுவின் வேகத்தைச் செக்கனுக்கு மூன்றரை மில்லிமீற்றரே குறைக்கும். எனினும் பல்லாயிரம் மோதல்கள் மிகச் சிறு பொழுதில் நிகழ்வதால் அணு தளர்ந்துவிடும்.

இக்கருத்தை ஹென்ஷ், ஷாலோ என்போர் 1975 இல் வெளியிட்டனர். 1985 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீவன் சூ குழுவினர் ஆறு கதிர்களின் நடுவே சோடியம் அணுக்களை அடக்கி, தனிப்பூச்சியத்துக்கு மேல் ஒரு பாகையின் பத்திலட்சத்தில் 240 பங்கு என்னும் நிலைக்குக் குளிர்வித்தனர். 1988 இல் வில்லியம் பிலிப்ஸ் குழுவினர் ஏறத்தாழ 40 பங்கு கண்டனர். கணித்த எல்லையைக் கடந்த அவ்விந்தைக்குக் காரணம் காட்டியவருள் பிரான்சின் கோஹன்-தனூஜி ஒருவர். இம்மூவருக்கும் 1997 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1950களில் சக்கரியாஸ் என்பார் அணுக்களை ஊற்றுநீர் போல மேலெழச் செய்து அளக்க முயன்றும் வெற்றி பெற்றிலர். அவர்பாற் குளிர்ந்த அணுக்கள் இல்லை. இன்று குளிர்ந்த சீசியம் அணுக்கள் ஏறத்தாழ ஒரு மீற்றர் எழுந்து விழுகின்றன. ஏறும்போதும் இறங்கும்போதும் நுண்ணலை அவற்றைச் சந்திக்க, நோக்கும் காலம் ஒரு செக்கனை அணுகுகின்றது. 2014 இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் அறிமுகமான அத்தகைய மணிக்கூடு 30 கோடி ஆண்டுகளில் ஒரு செக்கனும் பிழையாது என்பர்.

இத்துணை நுட்பம் எதற்கு? செக்கனின் நூறுகோடியிலொரு பங்கில் ஒளி 30 சதமமீற்றர் செல்லும். செய்மதியைக்கொண்டு தன் இடத்தை அறியும் மாலுமிக்கு, காலத்திற் பிழை தூரத்திற் பிழையாகும். மேலும், உயரத்திற் காலம் விரைந்தோடும் என்ற ஐன்ஸ்டைனின் கூற்றை, 2010 இல் போல்டர் அறிஞர் குளிர்ந்த அயன் மணிக்கூடுகள் இரண்டில் ஒன்றை 33 சதமமீற்றர் உயர்த்தி மெய்ப்பித்தனர். நிலத்தின் உயரத்தையும் மணிக்கூட்டால் அளக்கலாம் என்பது இதனாற் புலனாகும். அணுவின் இயல்பை அறியும் ஆவலிற் பிறந்த ஆய்வு மாலுமிக்கும் நிலவளப்போனுக்கும் துணையாதலை நம் மாணவர் உளங்கொள்வாராக.