உஷார்! ஒரே ஹெட்ஃபோனில் இரண்டு வேலையா?

கல்யாண ரிசப்ஷனில் டிஜே போடும் இளைஞர், அதே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வீட்டில் தன் சொந்தப் பாட்டையும் மிக்ஸ் செய்கிறார். வீட்டில் ஸ்டுடியோ வைத்திருப்பவரோ, ஒரு மேடை கிடைத்ததும் மிக்ஸிங் ஹெட்ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். இரண்டுமே வம்பு. முதலாமவருக்குப் பாட்டு போகும். இரண்டாமவருக்குக் காதே போகும். கடைக்குக் கிளம்பும் முன் கொஞ்சம் நில்லுங்கள்.

காதைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். பாட்டைத் திருத்திக்கொள்ளலாம், காதைத் திருத்த முடியாது. டிஜேவின் ஹெட்ஃபோன் ரசிப்பதற்கானது அல்ல. ஒரு பாட்டு கூட்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த பாட்டின் தாளத்தை அவர் மட்டும் தனியாகக் கேட்டு, இரண்டையும் பிசிறில்லாமல் பொருத்த வேண்டும். பக்கத்திலேயே ஸ்பீக்கர் 100 டெசிபலில் அலறும். அதை மீறி கிக்கும் ஹை-ஹேட்டும் கேட்க வேண்டுமென்றால், கை தானாக வால்யூம் குமிழுக்குப் போகும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் சொல்லும் வரம்பு இது: 85 டெசிபல் என்றால் நாளொன்றுக்கு 8 மணி நேரம். அதற்குமேல் 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதி பாதியாகக் குறையும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். 106 என்றால் நான்கு நிமிடம்கூட இல்லை. ரிசப்ஷனோ மூன்று மணி நேரம்! மறுநாள் காதுக்குள் ‘கொய்ங்’ என்று இரைந்தால் அதை அலுப்பு என்று தள்ளிவிடாதீர்கள். உள்காதில் அழிந்த மயிர்ச்செல்கள் மறுபடி முளைப்பதில்லை.

ஆகவே மேடைக்கு, காதை இறுக்கமாக மூடும் க்ளோஸ்டு ரகம்தான். வெளிச்சத்தம் எவ்வளவு தடுக்கப்படுகிறதோ, அவ்வளவு குறைந்த வால்யூமில் வேலை நடக்கும். சென்ஹைசர் ஹெச்டி 600 போன்ற ஓப்பன் பேக் ஹெட்ஃபோன்களை மிக்ஸிங் செய்பவர்கள் கொண்டாடுவார்கள், நியாயம்தான். ஆனால் அவற்றின் முதுகு வலையடித்துத் திறந்திருக்கும். மேடையில் ஸ்பீக்கர் சத்தம் தாராளமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். போதாததற்கு ஹெச்டி 600இன் மின்மறுப்பு 300 ஓம்; சின்ன கன்ட்ரோலரில் செருகினால் முக்கி முனகும்.

ப்ளூடூத்தா? நினைக்கவே வேண்டாம். சாதாரண ப்ளூடூத்தில் ஒலி வந்துசேர 150, 200 மில்லி விநாடி தாமதமாகலாம். 120 பிபிஎம் பாட்டில் ஒரு பீட்டுக்கும் அடுத்த பீட்டுக்கும் இடைவெளியே 500 மில்லி விநாடிதான்.

இனி ஸ்டுடியோ. டிஜேக்களுக்கென்று விற்கும் பல மாடல்களில் பேஸைத் தூக்கி வைத்திருப்பார்கள். கூச்சலுக்கு நடுவே கிக் கேட்க அது உதவும். அமைதியான அறையில் அதுவே ஏமாற்றும். ‘பேஸ் தாராளமாக இருக்கிறதே’ என்று நீங்கள் குறைப்பீர்கள். அதே பாட்டை காரில் போட்டால் எலும்பும் தோலுமாக வந்து நிற்கும். நல்ல மிக்ஸிங் ஹெட்ஃபோனிலும் பொறி உண்டு. ஸ்பீக்கரில் கேட்கும்போது இரு பக்க ஒலியும் இரு காதுக்கும் போகிறது. ஹெட்ஃபோனில் இடது இடதுக்கு மட்டும், வலது வலதுக்கு மட்டும். இதனால் எந்த வாத்தியம் எந்தப் பக்கம், எவ்வளவு எதிரொலி என்ற கணிப்பு தப்பும். கடைசி முடிவை ஸ்பீக்கரில் கேட்காமல் எடுக்காதீர்கள்.

இன்னொன்று: பாடகருக்கு ஓப்பன் பேக் மாட்டிவிட்டால், க்ளிக் ட்ராக் வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிடும். உருக்கமான வரிக்கு நடுவே ‘டிக் டிக்’. ரெக்கார்டிங்குக்கு மூடியது, மிக்ஸிங்குக்குத் திறந்தது.

பெட்டியில் ‘டிஜே’, ‘ஸ்டுடியோ’ என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். டிஜேக்கள் இன்றும் விடாமல் பிடித்திருக்கும் சென்ஹைசர் ஹெச்டி 25, 1988இல் வந்தபோது ஒலிபரப்பு, ஒலிப்பதிவுக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்ததுதான். 140 கிராம் எடை, இறுக்கமான பிடி, ஒரு பக்கத்தைக் காதைவிட்டு நகர்த்தும் வசதி, கழற்றி மாற்றக்கூடிய வயர் என்று டிஜேவுக்கு வேண்டியதெல்லாம் அதில் தற்செயலாக அமைந்துவிட்டது. நீங்களும் இதையெல்லாம் கடையிலேயே சோதியுங்கள். கடைக்காரர் போடும் அதிரடிப் பாட்டில் எல்லா ஹெட்ஃபோனும் பிரமாதமாகத்தான் இருக்கும்! உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடச் சொல்லுங்கள், ஈக்வலைசரை அணைத்துவிட்டு.

பேர்பெற்ற மாடல்களுக்குப் போலிகளும் உலவுகின்றன. சந்தை விலையில் பாதிக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். ‘பில் வேண்டாம்னா இன்னும் கொறச்சுத் தர்றேன் சார்’ என்று ஆரம்பித்தால், நடையைக் கட்டுங்கள்.